புதுத்தள ஏலத்தில் விலை தோன்றும் வகை: ஓர் ஆய்வு

நேற்றிரவு கட்டி முடித்து இன்னும் ஈரம் காயாத வெப்சைட்டை இன்று காலை ஏலத்தில் விட்டால் என்ன விலை கேட்கலாம் என்பது ஈண்டு ஆராயப்படுகிறது. ஆய்வு எல்லை: பிறந்து முப்பது நாள் ஆகாத, வருவோரும் வருமானமும் இல்லாத தளங்கள். வருமானம் உள்ளவற்றை ஆராயப் பணக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலில் சொல்லாராய்ச்சி. 'ஏலம்' போர்த்துகீசியரோடு கரையிறங்கிய சொல் என்பது பலர் கருத்து. ஏலக்காயை விற்றதால் அப்பெயர் வந்தது என்று என் மாமா சாதிப்பார், அது பொருந்தாது. ஆனால் மாமாவின் பிழையிலும் ஒரு பயன் உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் எடுக்க வருகிறவர் காயைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், முகரலாம். புதுத்தளத்தை முகர முடியாது. விற்பவர் எழுதும் குறிப்பைத்தான் நம்ப வேண்டும். அதில் தவறாமல் ஒரு வரி வரும்: 'கவனிக்க நேரமில்லாததால் விற்கிறேன்.' செவ்வாயன்று பிறந்த குழந்தையைக் கவனிக்கப் புதனன்று நேரமில்லை.

2009இல் மெல்போர்னில் தொடங்கிய ஃப்ளிப்பா போன்ற வெப்சைட் சந்தைகளில், நன்றாக ஓடுகிற தளத்துக்கு விலை வைப்பது எளிது. மாத லாபத்தை 24, 30, 36 என்று இரண்டு மூன்று வருஷக் கணக்கில் ஏதாவது ஓர் எண்ணால் பெருக்குவார்கள். புதுத்தளத்தின் லாபம் பூஜ்யம். பூஜ்யத்தை 36ஆல் பெருக்கினாலும் பூஜ்யம். கணிதம் இதில் பிடிவாதமாக இருக்கிறது. விற்பவர் அதைவிடப் பிடிவாதமாக இருக்கிறார்.

செலவுக் கணக்கு இதோ. டொமைன் பெயருக்குச் சுமார் 10 டாலர். வேர்ட்பிரஸ் 2003 முதல் ஓசி. டெம்ப்ளேட்டும் ஓசி. லோகோ மச்சினன் போட்டுக் கொடுத்தது. ஆக, 10 டாலர். கேட்பதோ 497. (செருப்புக் கடையில் 99இல் முடிகிற விலை இத்தொழிலில் 7இல் முடிவது தனிக் கட்டுரைக்குரியது.) நடுவிலுள்ள 487 டாலர் எங்கிருந்து வந்தது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இதையே கானமன், நெட்ச், தேலர் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் காபிக் கோப்பைகளை வைத்து நிறுவினார்கள். கோப்பை கையில் கிடைத்த மாணவர்கள், கிடைக்காதவர்கள் தரத் துணிந்ததைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். அம்மாணவர்கள் கோப்பையைத் தாங்களே வனையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ராத்திரி இரண்டு மணி வரை மெனுவின் நீலத்தை மாற்றி மாற்றிப் பார்த்தவர் இரண்டு மடங்கோடு நிற்பாரா?

497இல் ஏலத்தைத் தொடங்கினால் ஏலம் முடியும் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். தொடக்க விலை தாழ்ந்தால் முடிவு விலை உயரக்கூடும் என்று 2006இல் ஜில்லியன் கூ, கலின்ஸ்கி, மர்னிகன் என்னும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு டாலர் என்றதும் ஆள் சேரும். சேர்ந்தவர் இவ்வளவு நேரம் நின்றோமே என்று விலக மாட்டார். கூட்டத்தைப் பார்த்து இன்னும் கூட்டம் வரும். டீக்கடைக்கும் இதே விதிதான். கூட்டம் வராவிட்டால் குஞ்சு ஒரு டாலருக்குப் போய்விடும். அந்தப் பயத்துக்கு மருந்து, இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று யாருக்கும் காட்டாமல் வைக்கும் ரிசர்வ் விலை. 'ரிசர்வ் எட்டவில்லை' என்ற வரியைப் பார்த்ததும் ஏலம் கேட்க வந்தவர் செருப்பைத் தேடுவார் என்பது அம்மருந்தின் பக்கவிளைவு.

இக்கோட்பாடுகளை எல்லாம் ஒருவர் கவிழ்த்திருக்கிறார். 2005இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரைச் சேர்ந்த 21 வயது அலெக்ஸ் டியூ, ஒன்றுமே இல்லாத ஒரு பக்கத்தைப் பத்து லட்சம் புள்ளிகளாக அறுத்து, புள்ளி ஒரு டாலர் என்று விளம்பரத்துக்கு விற்றார். மீந்த 1,000 புள்ளிகளை 2006 ஜனவரியில் ஈபேயில் ஏலம் விட்டார். 38,100 டாலருக்குப் போயின. பூசணிக்காயை முழுசாக வாங்க ஆளில்லையென்றால் பத்தை போடு என்கிற மார்க்கெட் ஞானம் அவருக்கு எப்படியோ வாய்த்திருந்தது.

இனி கள ஆய்வு. கொய்யா வளர்ப்பு பற்றி நான்கு இரவுகளில் ஒரு தளம் கட்டினேன். "யாருங்க இதை வாங்குவாங்க?" என்றாள் மனைவி. ஆய்வில் இடையீடு கூடாது என்று விளக்கினேன். ஒரு டாலரில் தொடங்கி, ரிசர்வ் 197. இருவர் கேட்டார்கள். 11 டாலரில் நின்றது. ரிசர்வ் எட்டவில்லை.

பலர் போட்டியிடும் ஏலத்தில் வெல்பவர் அநேகமாகப் பொருளை எல்லாரையும்விட அதிகமாக மதிப்பிட்டு ஏமாந்தவர் என்று, எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேபன், கிளாப், காம்ப்பெல் என்னும் பொறியாளர்கள் 1971இல் எழுதினார்கள். என் ஏலம் முடிந்த அன்று மாலை அதை வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டேன். அன்றிரவே, பக்கத்து ஏலத்தில் பூனைகளுக்கான தளம் ஒன்றுக்குக் கூட்டம் கூடுவதைக் கண்டு நானும் கை தூக்கினேன். 143 டாலர். வென்றேன்.

இப்போது என்னிடம் இரண்டு தளங்கள் உள்ளன. இரண்டையும் ஏலத்தில் விட்டிருக்கிறேன். கவனிக்க நேரமில்லாததால்.