சுரண்டாத மனிதர்

யாராவது காரின் டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை எடுக்கக் கத்தியோடு குனிந்தால் போதும், ஏதோ ஒரு பால்கனியிலிருந்து “சுரண்டாதீங்க!” என்று குரல் வரும். பின்னாலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளும் வந்துவிடுவார். சென்னையில் அடுக்ககத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அல்லது வேலையில் இருந்துகொண்டே ஓய்வாக இருப்பவர். பிள்ளைகள் வைத்த பெயர் ஃபிளாஸ் மாமா.

கார்க்காரரின் பிரச்சினை பெரும்பாலும் மானப் பிரச்சினை. செகண்ட் ஹாண்ட் வண்டியில் முந்தையவரின் குலதெய்வமும் டீலர் பெயரும் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் வண்டி புதிது. ஆனால் விலை குறைந்த மாடல்தான் என்று ‘எல்எக்ஸ்ஐ’ தெருவுக்கே தண்டோரா போடும். மாமா காரணம் கேட்கமாட்டார். “ஹேர் டிரையர் இருக்கா?” என்பார். மனைவியின் ஹேர் டிரையர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு பார்க்கிங்குக்கு இறங்கும்போது வீட்டில் நடக்கும் பேச்சு இங்கே வேண்டாம்.

“தொட்டுப் பாருங்க தம்பி. கை பொறுக்கிற சூடுதான். அதுக்கு மேல போனா பெயின்ட் கோவிச்சுக்கும்.”

எழுத்தைப் பிடித்து வைத்திருப்பது இரு பக்கமும் பசையுள்ள ஃபோம் டேப். அது இளகியதும் சட்டைப் பையிலிருந்து டென்டல் ஃபிளாஸ் வரும். அதை அவர் பல்லுக்குப் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. நூலை எழுத்தின் பின்னால் விட்டு, இரு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பார். பாதியில் முட்டினால் சட்டென்று நிறுத்திவிடுவார். சில சின்னங்களுக்குப் பின்புறம் முளை இருக்கும், தகட்டில் அதற்கு ஓட்டையும் இருக்கும். பிடுங்கினால் மழைத் தண்ணீருக்கும் துருவுக்கும் நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி.

எழுத்து விழுந்த பிறகு மிஞ்சும் பசைதான் அவருக்கு விருந்து. கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பார். அடம்பிடிப்பதற்கு நீலகிரித் தைலம், பிறகு ஷாம்பு தண்ணீர். மூன்றாம் மாடிப் பாட்டி எட்டிப் பார்த்து யாருக்குச் சளி என்று விசாரிப்பார். இந்த நேரத்தில் எந்த அவசரக்காரராவது தின்னர் டப்பாவைத் திறந்தால் மாமாவுக்கு ரத்தம் கொதிக்கும். “பேர்லயே இருக்கே, தின்னர்னு! பெயின்ட்டைத் தின்னாம என்ன பண்ணும்?” நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெலிசு என்பார். டிங்கரிங் பார்த்து மறுபடி பெயின்ட் அடித்த இடமென்றால் நிறமே துணியோடு வந்துவிடும். இதில் அவர் சொல்வது சரிதான். பங்குச் சந்தை பற்றிச் சொல்வதைத்தான் நான் கேட்பதில்லை.

மாமாவின் பொற்காலம் 2024 மே. வண்டிகளில் பிரஸ், போலீஸ் என்று இஷ்டத்துக்கு ஒட்டியிருந்தால் அபராதம் என்றது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை. முதல் முறை 500 ரூபாய், மறுபடி சிக்கினால் 1500. ஒன்றுவிட்ட மைத்துனர் பத்திரிகையில் இருந்ததால் பிரஸ் ஆகியிருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். “கண்ணாடிக்கு வெளியே பிளேடு போடலாம். உள்பக்கம் டீஃபாகர் கோடு ஓடுது, அங்கே கூடவே கூடாது” என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். குரல் கட்டியது. முகத்தில் அப்படியொரு களை.

அவருடைய கார் மட்டும் பரம மௌனம். கம்பெனி, மாடல், பெட்ரோலா டீசலா, எதுவும் கிடையாது. ஆனால் பல வருஷம் வெயில் குடித்த பெயின்ட் அல்லவா? எழுத்து இருந்த இடம் மட்டும் கருநீலமாக, கிட்டப் போனால் பழைய பெயரைப் படிக்கலாம். ரப்பிங் பாலிஷ் போடச் சொன்னால், அது கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்க்கும் என்று மறுத்துவிடுவார்.

போன மாதம் அதை விற்கப் புரோக்கரைக் கூப்பிட்டார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“பேட்ஜ் எங்கே சார்? பார்ட்டி இதைப் பார்த்தா, அடிபட்டு பெயின்ட் பண்ண வண்டின்னுதான் நினைப்பார். இருபதாயிரம் குறைப்பார்.”

மாமா புதுப்பேட்டைக்குப் போனார். ஒரு செட் எழுத்து வாங்கி, மாஸ்கிங் டேப்பால் கோடு பிடித்து, மூச்சை அடக்கி ஒட்டினார். பார்ட்டி சாயங்காலம் ஆறு மணிக்கு வருவதாகப் போன் வந்தது. தள்ளி நின்று பார்த்தார். கடைசி ‘ஐ’ இடது பக்கம் நூலளவு சாய்ந்திருந்தது. பார்ட்டிக்குத் தெரியாது, விடுங்கள் என்றார்கள் எல்லாரும். மாமா மாடியைப் பார்த்துக் கத்தினார்:

“அந்த ஹேர் டிரையரை எடுத்துட்டு வா!”