யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

1996இல் ஆலன் சோகல் என்ற இயற்பியலாளர், குவாண்டம் ஈர்ப்பே சமூகம் கட்டிய கற்பிதம்தான் என்று வேண்டுமென்றே உளறிக் கட்டுரை அனுப்பினார். ‘சோஷியல் டெக்ஸ்ட்’ என்ற பண்பாட்டு ஆய்விதழ் அதை மரியாதையாக அச்சிட்டது. அறிவியல்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

ஆனால் 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் மூவர், பொத்தானை அமுக்கினால் கணினியியல் கட்டுரை கொட்டும் மென்பொருள் செய்தார்கள். வரைபடம் உண்டு, மேற்கோள் பட்டியல் உண்டு. அர்த்தம் மட்டும் கிடையாது. வேடிக்கைக்குச் செய்தது சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது போலும்! 2014இல் ஸ்பிரிங்கர் பதிப்பகமும் ஐஇஇஇ பொறியாளர் அமைப்பும் மாநாட்டுத் தொகுப்புகளிலிருந்து, அந்த மென்பொருள் கொட்டிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்கின. சோகலாவது உட்கார்ந்து எழுதினார். பொறியாளர்கள் அந்தச் சிரமத்தையும் ஒழித்துவிட்டார்கள். இந்தப் போலிகளைக் கண்டுபிடித்தது, படித்துப் பார்த்த யாரோ அல்ல, பிரான்ஸில் ஒரு கணினியியலாளர் எழுதிய நிரல்.