கழகத்தின் எச்.ஆர். துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
எச்.ஆர். மேலாளர்,
அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத் தலைமை அலுவலகம்,
ராயப்பேட்டை, சென்னை.

ஐயா,

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பத்து வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் "அடுத்த வருஷம் பர்மனென்ட்" என்பார்கள். உங்கள் கழகத்தில் நிரந்தரம் என்றே ஒரு பதவி இருப்பதாகக் கேள்விப்பட்டு, விண்ணப்பிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். விசாரித்தால், 2017 செப்டம்பர் 12-ல் வானகரம் மண்டபத்தில் கூடிய பொதுக்குழுவில் நிரந்தரப் பொதுச்செயலாளர் என அறிவிக்கப்பட்டவர் ஜெயலலிதா. அவர் காலமாகி அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பர்மனென்ட் ஆக உங்களிடமும் அவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்று தெரிந்ததும் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதே கூட்டத்தில்தான் சசிகலாவின் பொதுச்செயலாளர் பதவி பறிபோனது. 2016 டிசம்பர் 29-ல் அதே மண்டபத்தில், அதே பொதுக்குழு கைதட்டி அமர்த்திய பதவி. எட்டரை மாதம். எங்கள் கம்பெனியில் டிரெய்னிக்கே ஒரு வருஷம் தருவார்கள் ஐயா.

சரி, விண்ணப்பம் போகட்டும். உங்கள் ஒழுங்கு நடவடிக்கை விதியில் எனக்கு ஒரு சந்தேகம்.

2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு 122 ஓட்டு, எதிராக 11. எதிர்த்துப் போட்ட பதினொருவரும் உங்கள் ஆட்களே. பன்னீர்செல்வமும் அதில் ஒருவர். ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21-ல் அவரைத் துணை முதல்வர் ஆக்கினீர்கள். மறுநாள் சசிகலா தரப்புத் தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதல்வரை ஆதரிக்கவில்லை என்று ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் புத்திசாலி, திரும்பிவிட்டார். மிச்சம் 18 பேரையும் செப்டம்பர் 18-ல் பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தார்.

எங்கள் பாஷையில் சொன்னால், லைனை நிறுத்தியவனுக்கு உதவி மேலாளர் நாற்காலி. புகார்ப் பெட்டியில் சீட்டுப் போட்டவனுக்கு கேட்டுக்கு வெளியே வழி. எங்கள் எச்.ஆருக்கே இந்தத் துணிச்சல் வராது. அவராவது பேருக்கு ஒரு என்கொயரியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அனுப்புவார்.

அந்தப் பதினெட்டுப் பேரின் தொகுதிகளில் திருப்போரூரும் உண்டு, பூந்தமல்லியும் உண்டு. நான் பூந்தமல்லி வாக்காளன். நீங்கள் பழி தீர்த்துக்கொண்டது ஏழுமலை என்கிற எம்.எல்.ஏ.வோடு, ஆளில்லாமல் நின்றது என் தொகுதி. 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தல் வரை, தேதி பிசகாமல் பத்தொன்பது மாதம். எங்கள் லைனில் ஒருத்தன் வயிற்றுவலி என்று போனால் பத்து நிமிஷத்தில் காண்ட்ராக்டர் இன்னொருத்தனைக் கொண்டுவந்து நிறுத்துவார். நாடாளத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியவில்லையே என்று கேண்டீனில் பேசிக்கொள்வோம்.

தகுதிநீக்கம் செல்லும் என்று 2018 அக்டோபர் 25-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, ஒரகடத்தில் யமஹா தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சங்கம் வைத்த விவகாரத்தில் இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியதற்காக. இரண்டு பேருக்காக நூற்றுக்கணக்கானவர்கள் சம்பளத்தை விட்டார்கள். உங்கள் பதினெட்டுப் பேருக்காகப் பூந்தமல்லியில் ஒரு கரைவேட்டி ஒரு வேளை காபியை விட்டதாக நான் பார்க்கவில்லை.

பன்னீர்செல்வத்துக்கும் மெமோ வராமல் இல்லை. ஆட்சி போன பிறகு வந்தது. 2022 ஜூன் 23-ல் அதே வானகரம் மண்டபத்தில் தண்ணீர் பாட்டில் பறந்தது; ஜூலை 11-ல், மறுபடி அதே மண்டபம், ஆளையே நீக்கிவிட்டீர்கள். மற்ற நாட்களில் அங்கே கல்யாணம் நடக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோயம்பேட்டில் கிளம்பும் எங்கள் இரண்டாம் ஷிப்ட் பஸ் வானகரத்தைத் தாண்டித்தான் பூந்தமல்லிக்கு வர வேண்டும். அடுத்து யாரை நீக்கப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் தெரிவியுங்கள். பஸ்ஸை வேறு வழியாக விடச் சொல்கிறோம். பத்து நிமிஷம் தாமதமானால் எனக்கு அரைநாள் சம்பளம் பிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
காண்ட்ராக்ட் தொழிலாளி,
பூந்தமல்லி.