6 வோல்ட்டில் ஒரு மார்கழி

1939 நவம்பரில் சிகாகோ மோட்டார் கண்காட்சிக்குப் பேக்கார்டு கம்பெனி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பார்வைக்கு வழக்கமான பேக்கார்டுதான்: நீள மூக்கு, மிட்டாமிராசுதார் முகம். விசேஷம் உள்ளே. ஏசி! கம்பெனியே ஏசி வைத்து விற்ற முதல் கார். அதை நவம்பர் மாதத்துச் சிகாகோவில், ஊரே கம்பளிக்கோட்டில் திரிந்தபோது காட்டினார்கள். சரியாகக் குளிரவில்லை என்று அங்கே யார் குறை சொல்லப்போகிறார்கள்?

கம்பெனியே வைத்தது என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். டெட்ராய்ட்டில் செய்த காரை ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிஷப் அண்ட் பேப்காக் என்ற கம்பெனிக்காரர்கள் கூலிங் காயிலைப் பின்சீட்டுக்குப் பின்னால் பொருத்தித் தந்தார்கள். விலை 274 டாலர். புதுச் செவர்லே ஒன்று 700 டாலருக்குள் கிடைத்த காலம் அது. இத்தனை கொடுத்தவருக்குப் போனஸாக டிக்கியில் பாதி காணாமல் போனது. பெட்டி படுக்கையை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் பேக்கார்டு வாங்கும் சாதி இல்லை.

காற்று பின்னாலிருந்து வந்ததால் முதலாளியின் பிடரிக்கு மார்கழி. முன்னால் உட்கார்ந்த டிரைவருக்கு வந்து சேர்ந்தது, பந்தியில் கடைசி இலைக்கு வரும் பாயசம்.

இதுவரை சரி. இனி, குளிர் போதும் என்று தோன்றினால்? ப்ளோயருக்கு ஒரு சுவிட்ச் உண்டு. அதை அணைத்தால் காற்று நிற்கும். கம்ப்ரசர் நிற்காது. எஞ்சின் சுற்றும்வரை அதுவும் சுற்றும், ஏனென்றால் இடையில் கிளட்ச் கிடையாது. அதை நிறுத்த வேண்டுமானால் காரை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, பானட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். மறுபடி வெயில் வந்தால் மறுபடி மாட்ட வேண்டும். 'வைத்திருப்பவரைக் கேளுங்கள்' என்பது பேக்கார்டின் புகழ்பெற்ற விளம்பர வாசகம். கேட்கலாம்தான். பானட்டுக்குள்ளிருந்து அவர் தலையை வெளியே எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணமில்லாதவர்கள் அமெரிக்கப் பாலைவன ஊர்களில் வேறு வழி கண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தகர உருளையைத் தொங்கவிட்டு, உள்ளே தண்ணீரில் நனைந்த திண்டு. வண்டி ஓட ஓட எதிர்காற்று அதில் புகுந்து சில்லென்று வரும். நம் வெட்டிவேர்த் தட்டியின் அத்தை மகன். மின்சாரமே வேண்டாம். ஆனால் புழுக்கமான ஊரில் கிடைப்பது குளிர் அல்ல, வேது.

பேக்கார்டைப் பார்த்துச் சிரித்தாயிற்று. இனி நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்தக் காரில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. அது ஏசிக்குக் குறுக்கே நிற்கவில்லை; குளிரை உண்டாக்கியது எஞ்சின், மின்சாரத்துக்கு இருந்தது வெறும் விசிறிக்காரன் உத்தியோகம். இன்றைக்கு ஒருவர் அதே வயதுக் காரில் புது ஏசி வைக்க ஆசைப்பட்டால், பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது 12 வோல்ட். கிளட்ச் காந்தத்துக்கு 45 வாட் அளவில், ப்ளோயருக்கு 150, கண்டென்சர் விசிறிக்கு இன்னொரு 150. கூட்டினால் ஏறக்குறைய 350 வாட். அதை 6 வோல்ட்டில் எடுக்க 60 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். கிழட்டு டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது 35 ஆம்பியர் தந்தாலே சூடம் கொளுத்தலாம். சிக்னலில் நிற்கும்போது, அதாவது ஏசி அவசியமான அந்த ஒரே நேரத்தில், அது தருவது அநேகமாக ஒன்றுமில்லை. அதே வேலைக்கு வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிக்கும். அதே ஒயர் நாலு மடங்கு சுடும். காரைக் குளிர்விக்கக் கிளம்பி ஒயரைக் கொளுத்திய கதையாகும்.

இதற்கு மேல் எர்த் தகராறு வேறு. பேக்கார்டில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ். புதுச் சாமானுக்கு நெகட்டிவ். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யானை ஒன்றுதான்; பாடியும் ஒன்றுதான். இரண்டு கட்சியின் லைவ் ஒயரும் தவறி ஒன்றையொன்று தொட்டால் நடுவே இருப்பது 18 வோல்ட்.

கார் முழுவதையும் 12க்கு மாற்றிவிடலாம். பல்பு, ஹாரன், ரேடியோ எல்லாம் மாற வேண்டும்; பழைய ஸ்டார்ட்டரை அப்படியே விட்டால் பேய் பிடித்த மாதிரி சுற்றும். கெட்டிக்காரர்கள் பழசைத் தொடுவதில்லை. 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தனி பெல்ட்டில் மாட்டி, தனி பேட்டரி வைத்து, ஏசிக்கு மட்டும் தனிக்குடித்தனம் போட்டுவிடுகிறார்கள்.

பேக்கார்டு அந்த ஏசியை 1941-லேயே நிறுத்திவிட்டது. 1953-ல் காடிலாக் மறுபடி ஏசி கொண்டுவந்தபோது, அதே வருஷம் 12 வோல்ட்டுக்கும் மாறியிருந்தது. 1958-ல் பேக்கார்டு என்ற காரே நின்றுபோனது.

பழைய கார் அணிவகுப்பு எதிலாவது ஜன்னலை ஏற்றிவிட்டு, சட்டை நனையாமல் ஒரு கனவான் 1940 மாடலில் உட்கார்ந்திருந்தால், ஏமாந்துவிடாதீர்கள். டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பேட்டரி அங்கேதான் இருக்கும்.