விருந்தாளிக்கு எத்தனை இலை?

கேள்வி: என் லேப்டாப்பில் 4 கோர், 8 த்ரெட். விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் போட்டு, பறக்கட்டும் என்று எட்டையும் கொடுத்தேன். இப்போது விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே திணறுகின்றன. ஏன்?

பதில்: விருந்தாளியான லினக்ஸுக்கே எல்லா இலையையும் போட்டுவிட்டால் வீட்டுக்காரரான விண்டோஸ் எங்கே உட்காரும்? அதுதான் நடந்திருக்கிறது.

முதலில், 8 த்ரெட் என்பது 8 கோர் அல்ல. அடுப்பு நான்குதான், ஒவ்வொன்றின் தீயையும் இரண்டு பாத்திரங்கள் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவே. விர்ச்சுவல்பாக்ஸ் கையேடும் நிஜக் கோர்களை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. செட்டிங்ஸில் ப்ராசஸர் பட்டையைப் பாருங்கள்: பச்சை முடியும் இடம்தான் எல்லைக்கோடு.

இன்னொரு சிக்கல், பூட்டு. லினக்ஸின் ஒரு கோர் பொதுவான ஒரு தகவலைப் பூட்டி வைத்து வேலை செய்யும்போது, விண்டோஸ் அந்தக் கோரை ஓரமாக நிறுத்திவிடலாம். சாம்பார் வாளியோடு இருப்பவரை வாசலில் நிறுத்தினால், பந்தியில் மற்றவர்கள் வெறும் சோற்றைப் பார்த்தபடி உட்கார வேண்டியதுதான். மற்ற கோர்களும் அப்படித்தான், பூட்டு திறக்கக் காத்து வீணாகச் சுற்றும்.

ஆகவே 2 கோரில் தொடங்குங்கள். வழக்கமான வேலையைச் செய்தபடியே லினக்ஸுக்குள் எச்டாப் (htop) என்ற, கோர்களின் சுமையைப் பட்டைகளாகக் காட்டும் கருவியைத் திறந்து பாருங்கள். இரண்டு பட்டைகளும் விடாமல் நூறைத் தொட்டால் 3 ஆக்குங்கள். ஒன்றாவது வீட்டுக்காரருக்கு இருக்கட்டும். பட்டைகள் பாதிகூட நிரம்பாமலே இழுத்தால், பசி வேறு இடத்தில்: ரேமையும் டிஸ்க்கையும் கவனியுங்கள்.

அளவறிந்து பரிமாறினால் இருவருக்குமே வயிறு நிறையும்!