பேபி பேக்கின் எடையும் ஒழுங்கையின் நீளமும்: கரைவாகுக் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கிழக்கிலங்கை முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரியதொரு ஓட்டை இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வைத் தொடங்கினார். தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரின் தாய்வழிக் குடி மரபையும், மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தையும், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவதையும் துருவித் துருவி ஆராய்ந்து 2008இல் தடித்த நூலொன்றாக வெளியிட்டார். பேபி பேக் மட்டும் அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அவர்மேல் பிழை சொல்ல முடியாது. அவர் வந்த காலத்தில் அப்படியொரு பொருள் எங்கள் ஊர்களில் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

முதலில் வரைவிலக்கணம். பேபி பேக் என்பது, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரைவாகு ஊர்களிலோ அண்டை நிந்தவூரிலோ பிறந்து, ஃபெமிலி விசாவில் கட்டாரிலோ சவூதியிலோ துபாயிலோ வாழும் குடும்பமொன்று, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடன் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது உம்மா நிரப்பி வாப்பா சுமக்கும் பை. எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடா வாசல் திறந்தபோது போனவர்கள் தனியாகப் போனார்கள். பிள்ளை ஊரில் இருந்தது. வாப்பா கடிதத்தில் இருந்தார். உம்மா போன வீடுகளில் அவ கசெட்டில் இருந்தா. கணக்காளரும் கியூ.எஸ்.மாரும் பொறியியலாளரும் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட்டு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பை வரலாற்றில் தலைகாட்டுகிறது.

கள ஆய்வுக்கு டோஹா தெரிவுசெய்யப்பட்டது. நாள் வெள்ளி, அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜும்ஆ முடித்து, பகல் சோறு தின்று, கொஞ்சம் சரிந்தெழும்பி, அஸர் தொழுததும் வெளிக்கிடுவதாகத் திட்டம். டிசம்பரில் அந்த ஊரில் ஐந்து மணிக்கு முன்பே மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிடும் என்பதால், அஸருக்கு வெளிக்கிட்ட எந்தக் குடும்பமும் வெளிச்சத்தில் பூங்காவைக் கண்டதாகச் சான்றில்லை. தாமதத்துக்குக் காரணம் பை.

அதன் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். பம்பர்ஸ், வெட் டிஷ்யூ, மாற்றுடுப்பு, மாற்றுடுப்பில் ஊற்றுப்பட்டால் அதற்கொரு மாற்றுடுப்பு, சூப்பிப் போத்தல், சுடுதண்ணிப் பிளாஸ்க், நெஸ்டமோல்ட் போட்ட சின்ன டப்பா, மலிபன் பிஸ்கட், கட்லட், பனடோல் பாணி, காய்ச்சல் பார்க்கும் கருவி, சித்தாலேப, தொப்பி, விளையாட்டுக் கார், அந்தக் காரை மற்றப் பிள்ளை பறித்தால் கொடுக்க இன்னொரு கார், ரெப், ரெப்புக்குப் பவர் பேங்க். பாயைப் பையில் சேர்ப்பதா தனி உருப்படியாகக் கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நாம் சேர்க்கவில்லை. அது பாவம், ஏற்கெனவே வாப்பாவின் மற்றக் கக்கத்தில் இருக்கிறது.

இனி நமது கருதுகோள். இந்தப் பையில் இருப்பவை பொருட்கள் அல்ல, ஆட்கள். சித்தாலேபயும் பனடோல் பாணியும் மூத்தம்மா. பிஸ்கட், ஒழுங்கை முனையில் கொப்பி போட்டுக் கடன் கொடுக்கும் கடைக்காரக் காக்கா. ரெப் என்பது சாச்சியின் நாலு பிள்ளைகள். இரண்டு கார்களும் பக்கத்து வளவு ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஈடு. மாற்றுடுப்பு, நனைந்த பிள்ளையைக் கண்ட இடத்தில் கழுவித் தன் பிள்ளையின் கழிசானை மாட்டி அனுப்பும் மாமி. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். தங்கச்சிக்கு அடுத்த வளவில், அதற்கடுத்தவளுக்கு அதற்கடுத்ததில். ஆகவே பிள்ளை பிறக்கும்போதே உம்மாவின் உம்மாவும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் வரிசையாக இருக்கிறார்கள். அவ்வளவு பேர் இருக்கையில் பையில் வைக்க என்ன மிஞ்சும்?

இதிலிருந்து பெறப்படுவதே ஒழுங்கை விதி: பேபி பேக்கின் எடை, கூப்பிடு தூரத்திலுள்ள சாச்சிமாரின் தொகைக்கு எதிர்விகிதமாக மாறும். சாச்சிமார் பூச்சியமானால் எடை முடிவிலியாகும். பூச்சியத்தால் வகுக்கக்கூடாது என்று கணித வாத்தியார் எழும்பி நிற்பார். டோஹாவில் வெள்ளிக்கு வெள்ளி அதைத்தான் செய்கிறார்கள்.

ஆட்சேபம் வரலாம்: எல்லா உறவும் பைக்குள் அடங்குமா? அடங்காது. ஊரில் இரண்டு வயதுப் பொடியன் கடப்படி தாண்டிப் போனால், “ஆர்ர புள்ளடா நீ?” என்று ஒருவர் மறிப்பார். அவன் பதில் சொல்லத் தேவையில்லை. மூக்கைப் பார்த்து மூத்தாப்பாவின் பெயரைச் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்து விடுவார். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் கொடியேற்றக் காலத்தில், பலூனுக்கும் அல்வாவுக்கும் நடுவே எத்தனை பிள்ளைகள் கைதவறுகின்றன. மூக்கின் வழியே எல்லாம் வீடு சேர்கின்றன. டோஹாவின் ஆஸ்பயர் பூங்கா 88 ஹெக்டேயர். அங்கே அந்த மூக்கை வாசிக்க ஒருவரும் இல்லை. ஆகவே பிள்ளையின் கையில் வாப்பாவின் போன் நம்பர் பேனாவால் எழுதப்படுகிறது. வேர்வையில் அது அழியும். அழிந்ததும் திரும்ப எழுதப் பேனா வேண்டும். பேனாவும் பைக்குள் போகிறது.

தமிழ் இலக்கணத்திலும் ஆதாரம் தேடினோம். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. தலைவனும் தலைவியும் சேர்ந்தே பாலை கடக்கும் உடன்போக்கும் அதற்குள் அடக்கம். ஆனால் சங்கத் தலைவி கைக்குழந்தையோடு உடன்போகவில்லை. செவிலித்தாய் பின்னால் நின்று புலம்புகிறாளே தவிர, மகள் எத்தனை பம்பர்ஸ் எடுத்துப் போனாள் என்று கேட்கவில்லை. திணை வகுத்தவர்கள் இந்த இடத்தில் எங்களைக் கைவிட்டுவிட்டார்கள்.

லிஃப்ட் பற்றி ஒரு துணைக் குறிப்பு. மறந்த பொருள் கதவு பூட்டும்போது ஞாபகம் வருவதில்லை. லிஃப்ட் பாதி வழி இறங்கியதும் வரும். “இஞ்சாருங்க, சூப்பிய எடுத்தீங்களா?” “நீங்கதானே புள்ள வெச்ச!” இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் எப்போதும் சரியாக இரண்டு மாடிகள். இதை மேலும் ஆராயத் தேவையில்லை.

ஆனால் பெச்சலர் மாமாவை அப்படித் தாண்டிப் போக முடியாது. பெண்சாதி பிள்ளையை ஊரில் விட்டு வந்தவனும் அங்கே பெச்சலர்தான். அறையொன்றில் ஆறேழு பேராகத் தங்கி வேலை செய்யும் நிந்தவூர்ப் பொடியனொருவன் வெள்ளிக்கிழமைகளில் இந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்வான். டோஹாவின் சில சந்தைக் கட்டடங்கள் வெள்ளிக்கிழமையைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கித் தனி ஆண்களை வாசலிலேயே திருப்பிய காலம் இருந்தது. அந்த வாசலில் தோளில் ஒரு பிள்ளை இருந்தால் அவனும் குடும்பம். யாருக்கு யார் உதவி என்று சொல்வது கடினம். பிள்ளையைத் தூக்கி, பாயை விரித்து, கட்லட்டில் பாதியைத் தானே முடித்து, மற்றப் பாதியைப் பிள்ளைக்கு ஊட்டுவான். இடையில் எழும்பிப் போய் ஊருக்கு வீடியோ கோல் எடுப்பான். டோஹாவில் ஐந்து மணியென்றால் ஊரில் ஏழரை; அவனுடைய பிள்ளை நித்திரைக்குப் போகமுதல் பிடிக்க வேண்டும். பெச்சலர் மாமா வரும் வெள்ளிகளில் ஒரு காரும் பிஸ்கட் பக்கெட்டொன்றும் பையிலிருந்து குறைகின்றன. விதி தப்பவில்லை.

எதிர்ச் சோதனை ஊரில் நடக்கிறது. ஓகஸ்ட் லீவில் அதே உம்மா, அதே பிள்ளை, அதே பை கட்டுநாயக்கவில் இறங்கி, விடியப்புறம் வேனில் சாய்ந்தமருது வந்து சேர்கின்றன. பை ஆணியில் தொங்கவிடப்படும். பிள்ளை ஒழுங்கைக்குள் மறையும். பின்னேரம் கடற்கரைக்குப் போகையில் உம்மாவின் கையில் இருப்பது வீட்டுத் திறப்பு மட்டும். சில நாள் அதுவுமில்லை. பிள்ளை மண் ஒட்டிய காலோடு, யாரோ வாங்கிக் கொடுத்த ஐஸ்பழத்தைச் சூப்பிக்கொண்டு, யாருடையதோ சட்டையில் வரும். டிஷ்யூ கேட்டு அழும். சாச்சி தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிடுவா. டோஹாப் பிள்ளைக்கு அது பெரிய அதிர்ச்சி. இரண்டாம் நாள் அதுவும் போய்விடும்.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருக்கலாம். மூத்தம்மா கெடுத்துவிட்டா. மகளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்க இருந்த நேரம், விசிட் விசாவில் அவவே டோஹா வந்திறங்கினா. விதிப்படி பை பாதியாகியிருக்க வேண்டும். இரண்டாகியது. பழைய பை அப்படியே இருக்க, மூத்தம்மாவின் பக்கம் இன்னொன்று: குடை, கருஞ்சீரகம், இஞ்சித் துண்டு, தஸ்பீஹ், முழங்காலுக்குத் தைலம், வெளித் தண்ணியை நம்பாததால் கொதித்தாறிய தண்ணிப் போத்தல் இரண்டு. மருமகனின் தோள்கள் இரண்டும் நிரம்பின. ஒழுங்கையில்லாத இடத்தில் மூத்தம்மாவுக்கும் ஒரு ஒழுங்கை தேவைப்படும் என்பதை விதி கணக்கில் எடுக்கவில்லை.

மூத்தம்மா ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை. ஏழு கிலோமீற்றர் நீளமான கோர்னிஷில் கண்டவர்களிடமெல்லாம் “நீங்க எந்த ஊரு மகள்?” என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு நடந்தா. கோழிக்கோட்டுப் பெண் சிரித்தாள். ஆபிரிக்கக் காவலாளிக்குக் கேள்வி விளங்கவில்லை, கட்லட் விளங்கியது. ஒரு வெள்ளி, நாலு பாய் தள்ளி மருதமுனைச் சறமொன்று தென்பட்டது. சறத்துக்குப் பக்கத்தில் அதன் பெண்சாதி. பத்து நிமிடத்தில் இரு தரப்புக் குடியும் விசாரிக்கப்பட்டு, இன்னாருடைய மாமி இன்னாருக்குப் பெரியம்மா முறை என்று தீர்ப்பாகி, பிள்ளை அந்தப் பெண்ணின் இடுப்புக்குப் போனது. அடுத்த வெள்ளி சித்தாலேப வீட்டில் கிடந்தது. அதற்கடுத்த வெள்ளி இரண்டாவது காரும்.

விசா முடிந்து மூத்தம்மா திரும்பிவிட்டா. மருதமுனைப் பெண் இன்னும் வருகிறா. விதியின் பகுதியெண்ணில் அவவை அரைச் சாச்சியாக எடுப்பதா முழுச் சாச்சியாக எடுப்பதா என்பதில் ஆய்வாளர்களுக்குள், அதாவது கணவன் பெண்சாதிக்குள், உடன்பாடு வரவில்லை. இரத்த உறவில்லை, அரைதான் என்கிறார் கணவர். போன வெள்ளி பிள்ளை புல்லில் கிடந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்னப் போக, உம்மாவைக் கேட்காமலே அவ ஒரு சத்தம் போட்டு ஏசினா, ஆகவே முழுச் சாச்சி என்கிறா பெண்சாதி.