முன்னிலையில் உங்கள் பெயர்

"சார், முன்னிலையில உங்க பேரப் போட்டுட்டேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், வந்து சும்மா ஒக்காந்தா போதும்."

போளூரில் ஒரு கல்யாண மண்டபம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கருத்தரங்கம், விருது விழா, நூல் வெளியீடு, முப்பெரும் விழா என்று எதையாவது உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடுவார். முன்பெல்லாம் விழா அமைப்பாளர். இப்போது விசிட்டிங் கார்டில் 'கான்ஃபரன்ஸ் புரொட்யூசர்'. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "ஸ்டேஜ் ரெடியா, ஓவர்" என்பார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது மைக் செட் பையனுக்குத் தெரியும். அவன் சொல்லி எனக்கும் தெரியும்.

தொழிலுக்கு அவர் போட்ட முதல், முன்னிலை. தலைமையை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். சிறப்புரை சென்னையிலிருந்து வருகிறவருக்குப் போய்விடும். வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் ஓரளவாவது வாய் திறக்கத் தெரிய வேண்டும். முன்னிலைக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. மண்டபக்காரர் வாடகையைக் குறைத்தால் முன்னிலை. பந்தல்காரர் பாக்கியைப் பொறுத்துக்கொண்டால் முன்னிலை. சாம்பார் சாதம், தண்ணீர் கேன், ஃப்ளெக்ஸ், பல் டாக்டர், அடகுக்கடை, ஆரணிப் பட்டு வியாபாரி எல்லாரும் முன்னிலை. மேடையில் நாற்காலி போட இடமில்லையென்றால் முதல் வரிசை சோபா 'மேடையின் நீட்சி' ஆகிவிடும். ஒருமுறை இரண்டாவது வரிசைக்கும் நீண்டது. கேட்க வந்தவர்கள் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தோம்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற முந்தின ராத்திரிதான் மனிதர் உண்மையில் வேலை செய்வார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அரிசி ஆலைக்காரர்கள், இருவரும் நன்கொடையாளர்கள். ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் பெயர் வந்தால் அடுத்த வருஷம் இரண்டு ரசீதும் கிழியாது. அகர வரிசை என்றார். இருவருக்கும் ஒரே முதலெழுத்து. பக்கம் பக்கமாகப் போடலாம் என்றார்; இடது பக்கம் யாருக்கு என்று கேள்வி வந்தது. கடைசியில் நடுவில் குத்துவிளக்குப் படம் போட்டு, முன்னிலைப் பெயர்களையெல்லாம் சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி வட்டமாக அடித்தார். "பாத்தீங்களா சார், யாரும் மேல இல்ல, யாரும் கீழ இல்ல." மறுநாள் காலையில் பன்னிரண்டு மணி இருக்கிற இடத்தில் யார் பெயர் என்று பார்த்து ஒரு சண்டை, தலைகீழாக அச்சானவர்கள் சேர்ந்து இன்னொரு சண்டை.

இன்னொரு விழாவில் பழைய ஃபைலை அப்படியே எடுத்துப் போட்டதில், காலமாகி வருஷம் திரும்பிய ஒரு பெரியவரும் முன்னிலை வகித்தார். இவர் அசரவில்லை. மகனை மேடைக்கு அழைத்து அப்பாவுக்குரிய பொன்னாடையைப் போர்த்திவிட்டார். மகன் கண்ணீர் விட்டார். விழாவிலேயே மனதைத் தொட்ட இடம் அதுதான்.

உலக நடப்பு தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஐந்து நாளும் தண்ணீர் பாக்கெட் கொடுத்ததைத் 'தளவாட நிர்வாகம்' என்று தன் அறிமுகக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ரஷ்யாவிடமிருந்து கைமாறிய செஸ் ஒலிம்பியாடை 2022இல் மாமல்லபுரத்தில் ஏறக்குறைய நாலே மாதத்தில் ஏற்பாடு செய்ததைச் சொல்லி, "நாலு மாசம் எதுக்கு சார், எனக்கு நாலு நாள் போதும்" என்பார். 2024 ஜனவரியில் சென்னை வர்த்தக மையத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து எங்கள் ஊரில் பந்தி பரிமாறுகிறவர் கழுத்திலும் 'டெலிகேட்' தொங்குகிறது. டெட் மேடையில் எத்தனை பெரிய மேதைக்கும் 18 நிமிஷம்தான் என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். யோசித்துவிட்டு, "பதினெட்டு நிமிஷம் நமக்குப் பேர் வாசிக்கவே பத்தாது சார்" என்றார். அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை.

பாவம், உழைப்பாளி. விடியற்காலையில் வாழைமரம் கட்டுவதும் அவர்; எல்லாரும் போன பிறகு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றுவதும் அவர். கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸோடு மறந்துவிடுவார்கள். ஷீல்டுக் கடைக்காரர் மறக்க மாட்டார். போன மார்கழியில் மனைவியின் வளையலை வைத்துத்தான் எல்.இ.டி. திரைக்கு வாடகை கட்டினார் என்று கேள்விப்பட்டேன். வளையல் போன அடகுக்கடையும் அந்த விழாவில் முன்னிலைதான்.

இதையெல்லாம் நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டிருந்தேன். சிறுதானியக் கருத்தரங்கம் பொறுமையைக் கெடுத்தது.

ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. இவர் விடுவாரா? பன்னாட்டுக் கருத்தரங்கம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஜூமில் வந்ததால் பன்னாடு. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையமே இருக்கிறது. அங்கே யாரையும் கேட்கவில்லை. "அவங்க டெக்னிக்கலா பேசுவாங்க சார், க்ளாப்ஸ் வராது." சென்னைப் பட்டிமன்றப் பேச்சாளர் வந்தார், மாமியார் மருமகள் ஜோக்கில் கம்பங்கூழைக் கலந்து கொடுத்தார், க்ளாப்ஸ் வந்தது.

ஜவ்வாது மலையிலிருந்து ஓர் அம்மாவை அழைத்திருந்தார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம், மானாவாரியில் சாமை போடுகிறவர். காலையிலேயே வந்துவிட்டார். பத்து மணிக்கு என்று போட்டிருந்த விழா பதினொன்றரைக்குத் தொடங்கியது. பெயர் வாசிப்பு, பொன்னாடை, ஷீல்டு, குழுப் படம், அந்தப் படத்தில் விட்டுப்போனவர்களுக்கு இன்னொரு குழுப் படம். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பொன்னாடை. சாமையை உமி நீக்குவதுதான் பெரும்பாடு. பெண்கள் உரலில் குத்திக் குத்திக் கை சலித்துத்தான் பல வீடுகளில் ரேஷன் அரிசிக்கு மாறினார்கள். அதைப் பற்றிக் கேட்க என் பின்னால் இரண்டு விவசாயிகள் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலரை மணிக்கு அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "ரெண்டே ரெண்டு வார்த்தம்மா, டைம் இல்ல" என்றார் நம் புரொட்யூசர். அந்த அம்மா வணக்கம் சொல்லி, ஊர்ப் பெயரைச் சொல்லி, விதைக்கிற பட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது ஹெட்செட் மைக் செட்டைப் பார்த்துக் கையை ஆட்டியது. நன்றியுரை. நோட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. மண்டபத்தில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்கி வந்தவரை, முன்னிலை வகித்தவர்கள் மென்று தின்றுவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானமே போய்விட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா காட்டுவதற்காக அரை மூட்டை சாமை கொண்டுவந்திருந்தார். அது குத்துவிளக்கைச் சுற்றிக் கோலமாகவும், சிறப்பு விருந்தினர்களுக்குச் சுருக்குப் பையாகவும் போயிற்று. யாரும் காசு கொடுக்கவில்லை. நான் போய்க் கேட்டேன். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்:

"அது டெக்கரேஷன் கணக்குல வரும் சார். அந்தம்மாகிட்ட பில் இருக்கா?"